36 மாதத்தில் 25: எம்.எஸ். ஆர்த்தோவுக்கு வருபவர்களுக்கு

எம்.எஸ். ஆர்த்தோ, அதாவது எலும்பு அறுவை முதுநிலைப் பட்டம், மூன்று வருடப் படிப்பு; 36 மாதம். சேர்ந்த அன்று அது பெரிய காலமாகத் தெரியும். ஒரு தாளை எடுத்துக் கழித்துப் பாருங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிப்படி மாவட்ட ஆஸ்பத்திரிப் பணிக்கு 3 மாதம். ரேடியாலஜி, பிளாஸ்டிக் சர்ஜரி என்று மற்ற துறைகளைச் சுற்றி வருவதில் ஏறக்குறைய 2 மாதம். வருடத்துக்கு 20 நாள் வீதம் விடுப்பு 2 மாதம். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று ஆபரேஷன் தியேட்டர் பக்கம் தலைகாட்டாத கடைசி 4 மாதம். மிச்சம் 25. யூனிட்டுக்கு வாரம் இரண்டு தியேட்டர் நாள் என்றால் கைக்கு வருவது 200 நாளுக்குச் சற்று மேல். அதையும் யூனிட்டில் உள்ள ஐந்தாறு பி.ஜி.க்கள் (முதுநிலை மாணவர்கள்) பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். முதல் வருடத்தில் உங்கள் பங்கு பெரும்பாலும் வெட்டிய இடத்தை விலக்கி வைக்கும் ரிட்ராக்டரைப் பிடிப்பதுதான்.

ஆகவே தியேட்டரை மட்டும் நம்பி இந்தப் படிப்பைத் திட்டமிடுபவர் ஏமாறுவார். கை பழகும் இடம் கேஷுவாலிட்டியும் மாவுக்கட்டு ரூமும். அங்கே நாள் முழுக்கக் கேஸ் உண்டு, போட்டிக்கு ஆள் கிடையாது, கையில் இருப்பதைச் சீனியர் யாரும் பிடுங்கிக்கொள்வதும் இல்லை.

சீட் எடுப்பதற்கு முன்

நுழைவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீட் பி.ஜி. 200 கேள்வி, 800 மதிப்பெண். சரிக்கு 4, தப்புக்கு 1 குறையும். அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீடு, பாதி மாநிலம். தமிழ்நாட்டில் மாநிலப் பங்கில் பாதி, ஆரம்ப சுகாதார நிலையம் போன்ற இடங்களில் வேலை பார்க்கும் அரசு டாக்டர்களுக்கான சர்வீஸ் கோட்டா. மாநிலங்கள் அப்படி ஒதுக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்தது. பி.ஜி. இடங்களில் வசிப்பிடத்தை வைத்து இடஒதுக்கீடு கூடாது என்று 2025 ஜனவரி 29 அன்று அதே நீதிமன்றம் சொன்னது. இந்த விதிகளும் பாண்டு (படித்தபின் அரசுப் பணி) நிபந்தனைகளும் மாறிக்கொண்டே இருப்பவை. அந்தந்த வருடத்துப் பிராஸ்பெக்டஸைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம்.

கல்லூரியின் பெயரைவிட முக்கியமான சில கேள்விகள் உண்டு. அங்கே இப்போது இரண்டாம் வருடம் படிப்பவரிடம் கேளுங்கள். மூன்றாம் வருடத்தவர் பரீட்சைச் சலிப்பில் எல்லாமே மோசம் என்பார். முதல் வருடத்தவருக்கு இன்னும் எதுவும் தெரிந்திருக்காது. ஆர்த்தோவுக்கென்று தனி எமர்ஜென்சி தியேட்டர் உண்டா, அல்லது ஜெனரல் சர்ஜரியுடன் பொதுவா? பொதுவென்றால் ராத்திரி இரண்டு மணிக்கு வயிறு வெடித்த கேஸ் முதலில் போகும். தோல் கிழிந்த உங்கள் திறந்த முறிவு காத்திருக்கும். ஆபரேஷனின்போதே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் கருவி, வேலை செய்யும் நிலையில், எத்தனை? ஒன்றுதான் என்றால் அது பழுதான வாரத்தில் எலும்புக்குள் கம்பி செலுத்தும் நெய்லிங் எதுவும் நடக்காது. அதே வளாகத்தில் பிளாஸ்டிக் சர்ஜரி உண்டா? இல்லையென்றால் தசை போர்த்த வேண்டிய கால்கள் வேறு ஊருக்குப் போய்விடும். அந்த முடிவுகளை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். கடைசியாக, சென்ற பேட்ச்சில் ஒருவர் தனியாக, சீனியர் பக்கத்தில் நிற்க, எத்தனை டி.எச்.எஸ். (இடுப்பருகே முறிந்த தொடை எலும்புக்கு ஸ்குருவும் பிளேட்டும்), எத்தனை டிபியா (முழங்காலுக்குக் கீழ் எலும்பு) நெய்ல் செய்தார்? இதற்கு எண்ணாகப் பதில் வர வேண்டும். “நிறைய கிடைக்கும்” என்பது பதிலில்லை.

தேசியத் தேர்வு வாரியம் தரும் டி.என்.பி. பட்டமும் எம்.எஸ்.ஸும் வேலைக்குச் சமம்தான். கேஸ் கலவைதான் வேறு. அரசு ஆஸ்பத்திரியில் விபத்து குவியும், மூட்டு மாற்று குறைவாக இருக்கும். பெரிய தனியார் ஆஸ்பத்திரியின் டி.என்.பி.யில் முழங்கால் மாற்றையும், மூட்டுக்குள் கேமராக் குழாய் விட்டுச் செய்யும் ஆர்த்ராஸ்கோப்பியையும் தினமும் பார்க்கலாம். ஆனால் பார்ப்பதுதான் அதிகம், செய்வது குறைவு. எலும்பு முறிவில் கை பழகாமல் மூட்டு மாற்றுக்குப் போவது அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்டுவது என்பது எங்கள் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்களும் உண்டு.

மாவுக்கட்டு ரூம்

இங்கே உங்கள் முதல் ஆசான் புரொஃபசர் அல்ல, இருபது வருடமாகக் கட்டுப் போடும் அண்ணன். முதல் வாரம் அவர் கையை மட்டும் பாருங்கள். தண்ணீரில் ஸ்லாபை (மாவுத் துணி அடுக்கை) எவ்வளவு நேரம் வைக்கிறார், எப்படிப் பிழிகிறார், எந்த நேரத்தில் கையை எடுக்கிறார் என்று கவனியுங்கள்.

தண்ணீர் அறை வெப்பத்தில் அல்லது சற்றே வெதுவெதுப்பாக இருந்தால் போதும். சுடுதண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் இறுகும், மோல்டு செய்ய நேரம் கிடைக்காது; இறுகும்போது மாவு தானே வெளியிடும் சூடும் அத்துடன் சேர்ந்து தோலைப் பொசுக்கும். பழைய மாவு கலங்கிய தண்ணீரும் சீக்கிரம் இறுக்கும், ஆகவே தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். குமிழி நிற்கும்வரை முக்கி எடுக்க வேண்டும். கைக்கு 8 முதல் 10 அடுக்கு, காலுக்கு 12 முதல் 16. அதற்கும் மேல் போட்டால் வலு கூடுவதைவிடச் சூடு கூடும். ஈரக் கட்டோடு காலை ரெக்சின் உறை போட்ட தலையணையில் வைக்கக் கூடாது. சூடு வெளியே போக வழி இருக்காது, குதிகால் பக்கம் கட்டும் அமுங்கும்.

பஞ்சு பாதிக்குப் பாதி மேலேறும்படி இரண்டு சுற்று. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஃபிபுலா தலை, குதிகால், முழங்கை முனை ஆகிய இடங்களில் கூடுதல். ஃபிபுலா கழுத்தைச் சுற்றி வரும் நரம்பு அழுந்தினால் மறுநாள் காலையில் பாதம் தொங்கும். அதற்கு யாரும் உங்களுக்குச் சமாதானம் சொல்ல முடியாது. முன்கைக் கட்டு உள்ளங்கையில் விரல் மடிப்புக்கு முந்திய ரேகையோடு நிற்க வேண்டும். விரல் முட்டிகள் முழுதாக மடங்க வேண்டும். புதிதாக வருபவர் அதிகம் செய்யும் தப்பு இதுதான்: கட்டு அரை இஞ்ச் நீண்டுவிடும், ஆறு வாரம் கழித்து எலும்பு கூடியிருக்கும், விரல் மடங்காது.

மணிக்கட்டு முறிவைப் பிடித்து நிறுத்தவேண்டும் என்று கையை முழுக்கக் கீழ்நோக்கி மடக்கிக் கட்டுவது இன்னொரு தப்பு. மீடியன் நரம்பு அழுந்தும், விரல் இறுகும். எலும்பை நிறுத்துவது மடிப்பு அல்ல, மூன்று இடங்களில் கொடுக்கும் அழுத்தம். அதைச் சரியாகக் கொடுத்தால் கட்டு வெளியே பார்க்கக் கோணலாகத்தான் இருக்கும், எக்ஸ்ரேயில் எலும்பு நேராக இருக்கும். அழகாக உருண்டையாகப் போட்ட முன்கைக் கட்டைக் கண்டால் சந்தேகப்படுங்கள். அளவு வேண்டுமென்றால் எக்ஸ்ரேயிலேயே இருக்கிறது: பக்கவாட்டுப் படத்தில் கட்டின் உள் அகலத்தை நேர்ப் படத்தின் உள் அகலத்தால் வகுத்தால் 0.8க்குள் வர வேண்டும், 0.7 என்றால் இன்னும் நல்லது. குழந்தையின் முன்கை இரட்டை எலும்பு முறிவில் இந்த எண் 0.9 என்று வந்தால் அடுத்த வாரம் எலும்பு விலகி வரும். முதல் வாரமும் இரண்டாம் வாரமும் படம் எடுப்பதை விட்டுவிட்டு நான்காம் வாரம் பார்ப்பதில் பயனில்லை, அதற்குள் கோணலாகவே கூடியிருக்கும்.

கட்டுப் போட்ட ராத்திரி “வலி தாங்கல சார்” என்று ஒருவர் திரும்பி வந்தால் ஊசி போட்டு அனுப்புவது இந்தத் துறையின் பெரும்பாவம். விரலைப் பிடித்து நீட்டிப் பாருங்கள். உயிர் போகிற வலி என்றால் நாடி கிடைக்கிறதே என்று ஆறுதல் அடைய வேண்டாம்; தசை அறைக்குள் அழுத்தம் ஏறும் காம்பார்ட்மென்ட் சின்ட்ரோமில் நாடி கடைசிவரை இருக்கும். கட்டை வெட்டுங்கள். மாவை மட்டும் வெட்டிவிட்டுப் பஞ்சையும் துணியையும் விட்டால் அழுத்தம் முழுதாக இறங்காது, தோல் தெரியும்வரை வெட்ட வேண்டும். கை காலை இதய மட்டத்தில் வையுங்கள், உயர்த்தித் தொங்கவிட வேண்டாம். அப்படியும் குறையாவிட்டால் உடனே சீனியரை எழுப்புங்கள். அளக்கும் கருவி இருந்தால் டயஸ்டாலிக் அழுத்தத்துக்கும் தசை அழுத்தத்துக்கும் இடைவெளி 30 மி.மீ.க்குக் கீழே என்பது எல்லை. கருவி இல்லாவிட்டால் உங்கள் கையும் சந்தேகமும் போதும். தேவையில்லாமல் தசை உறையைத் திறந்த ஃபேசியாட்டமியின் தழும்பைவிட, திறக்காமல் விட்ட முன்கை பல மடங்கு மோசம்.

தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் வேலை செய்தால் புத்தூர் கட்டோடு வருபவர்களை வாரம் தவறாமல் பார்ப்பீர்கள். மூங்கில் தப்பையும் துணியும் வைத்து இறுக்கிக் கட்டியிருக்கும். அதிலேயே குணமானவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நாம் பார்ப்பது கெட்டுப்போனவற்றை மட்டுமே. கட்டோடு வந்தவரைத் திட்டினால் அடுத்த முறை அவர் குடும்பத்தில் யாரும் வரமாட்டார்கள். கட்டைப் பிரிக்கும் முன் ஒரு படம், பிரித்தபின் ஒரு படம். கொப்புளம், விரல் நிறம், உணர்வு, அசைவு என்ன என்று நேரம் போட்டு எழுதுங்கள். பிரித்த பிறகு கறுத்த விரல் நீங்கள் பிரித்ததால் கறுத்தது என்று பேச்சு வரும்.

கட்டை வெட்டும் ரம்பம் சுழலாது, அதிரும். ஆகவே தோலை வெட்டாது என்று நோயாளியிடம் சொல்வதில் முக்கால் உண்மைதான். ஒரே இடத்தில் மேலும் கீழும் குத்தி எடுத்தால் வெட்டாது. இழுத்துக்கொண்டு போனால் வெட்டும், பிளேடு சூடேறினால் சுடும்.

கேஷுவாலிட்டி எழுத்து வேலை

இது அலுப்பான வேலை; ஆனால் கோர்ட்டுக்கு உங்களைக் கூப்பிடப் போவது இதற்காகத்தான். விபத்துப் பதிவேட்டில் எலும்பு முறிவு என்று எழுதினால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவில் கொடுங்காயம். பழைய சட்டத்தில் 320. எக்ஸ்ரே பார்க்காமல் “முறிவு” என்றோ “முறிவு இல்லை” என்றோ எழுத வேண்டாம். சந்தேகம் என்றால் படம் வந்தபின் கருத்து என்று எழுதி வையுங்கள்.

திறந்த முறிவில் வரிசை மாறக் கூடாது: ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக், டெட்டனஸ் ஊசி, புண்ணை ஒரே ஒரு முறை திறந்து போட்டோ, சலைன் நனைத்த கட்டு, ஸ்பிளின்ட். அதன்பின் தியேட்டர்வரை யாரும் திறக்கக் கூடாது. வருகிற ஒவ்வொருவரும் திறந்து எட்டிப் பார்ப்பதைத் தடுக்கத்தான் அந்தப் போட்டோ. திறந்த முறிவின் கடுமையைச் சொல்லும் கஸ்டிலோ தரம் கேஷுவாலிட்டியில் எழுதும் விஷயமே அல்ல, இறந்த திசுவை வெட்டிச் சுத்தம் செய்யும் டிப்ரைட்மென்ட் முடிந்தபின் தியேட்டரில் எழுதுவது. கால் நிற்குமா, எடுக்க வேண்டுமா என்ற கேள்வி வரும் கேஸ்களில் கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரி டாக்டர்கள் 2006இல் வெளியிட்ட மதிப்பெண் முறையைப் போட்டுப் பழகுங்கள். தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் தலா 5 வரை, கூட உள்ள கேடுகளுக்கு இரண்டிரண்டாக. 14 வரை காப்பாற்றலாம், 17ம் அதற்கு மேலும் என்றால் எடுப்பது நல்லது, 15, 16 சீனியர்கள் உட்கார்ந்து பேச வேண்டிய இடம். உலகம் முழுக்கப் படிக்கும் முறை நம் ஊரிலிருந்து போயிருக்கிறது. பரீட்சையில் கேட்காமலா இருப்பார்கள்?

விபத்து நோயாளிகளுக்கு முதல் 48 மணி நேரத்துக்கான அரசுத் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. அந்த 48 மணி நேரம் தாண்டினால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். இரண்டுக்கும் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எக்ஸ்ரே, படுக்கையில் போட்டோ, ஆவணங்கள் வேண்டும். முந்திய ராத்திரியே அனுமதி வாங்கி வைக்காத பி.ஜி.யின் கேஸ் காலையில் லிஸ்டிலிருந்து விழுந்துவிடும். இதை யாரும் பாடமாகச் சொல்லித் தருவதில்லை.

இழுவை எடை கட்ட எலும்பில் துளைக்கும் டிராக்ஷன் பின் போடுவது இங்கேயே பழக வேண்டியது. மேல் டிபியாவில் முழங்கால் முன்மேட்டுக்கு 2 செ.மீ. கீழே, 2 செ.மீ. பின்னே, வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கம் தட்ட வேண்டும், நரம்பு வெளிப்பக்கம் இருப்பதால். தொடை எலும்பின் கீழ்முனையில் திசை தலைகீழ்: ரத்தக்குழாய் உள்பக்கம், ஆகவே உள்ளிருந்து வெளியே. ஆபத்தான பக்கத்தில் நுழைவிடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள், எதிர்ப்பக்கத்தில் பின் எங்கே வெளிவரும் என்பது உங்கள் கையில் இல்லை. இந்தக் காரணம் புரிந்தால் எந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எடை உடல் எடையில் பத்தில் ஒன்று என்று தொடங்குங்கள், கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்துங்கள். மறுநாள் எடை தரையில் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்ப்பதற்குத்தான் காலை ரவுண்ட்ஸ்.

தியேட்டர்

கத்தி கைக்கு வரும் முன்பே ஒரு ஆபரேஷனின் பாதி முடிந்திருக்கும். தொடைக் கழுத்துக்குக் கீழே முறிந்த கேஸை எடுத்துக்கொள்வோம். ஃப்ராக்சர் டேபிளில் ஏற்றி, இடுப்புத் தூணுக்கு நல்ல பஞ்சு வைத்து, இழுத்து, அகட்டி, உள்நோக்கித் திருப்பி, சி-ஆர்மில் இரு கோணத்திலும் சரி என்று பார்ப்பது முதல் வருட வேலை. இதை ஒழுங்காகச் செய்யும் பி.ஜி.யிடம்தான் சீஃப், ஸ்குருவுக்கு வழி காட்டும் கய்டு வயரைத் தருவார். இங்கே சரியாகாத எலும்பு பிளேட் போட்டபின் சரியாகாது. ஆபரேஷன் முடிந்தபின் இழுவையைத் தளர்த்த மறந்தால் அந்தத் தூண் நரம்பை அமுக்கும். தளர்த்துவதை முன்கூட்டியே ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

கய்டு வயர் இரு படத்திலும் தொடை எலும்புத் தலையின் நடுவில், அல்லது சற்றே கீழ்ப்பக்கம். ஸ்குரு முனையிலிருந்து தலை உச்சி வரை உள்ள தூரத்தை இரு படத்திலும் அளந்து கூட்டினால் 25 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். 1995இல் பாம்கார்ட்னரும் அவர் குழுவும் காட்டியது இது. தாண்டினால் ஸ்குரு தலையை அறுத்துக்கொண்டு வெளியே வரும் வாய்ப்பு ஏறுகிறது. எலும்பைக் குடையும் ரீமரை அளவைவிட 5 முதல் 10 மி.மீ. குறைத்து வையுங்கள். ரீமர் போகும்போது வயரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு இடுப்புக்குள் போகலாம், வரும்போது வயரை இழுத்துக்கொண்டும் வரலாம். இரண்டையும் சி-ஆர்ம் பார்த்தால்தான் பிடிக்க முடியும். ஸ்குருவைத் திருகும்போது தலையும் கூடவே சுழலும் கேஸ்களில் மேலே இன்னொரு வயர் போட்டுத் தலையைப் பிடித்து வைத்த பிறகே திருகுங்கள்.

டிரில் கணக்கைக் கேட்டவுடன் சொல்லும்படி மனதில் வையுங்கள், தியேட்டர் சிஸ்டர் உங்களைக் கணிப்பது இதை வைத்துத்தான். 4.5 மி.மீ. கார்டிகல் ஸ்குருவுக்கு 3.2 மி.மீ. டிரில். 3.5க்கு 2.5. 2.7க்கு 2. லாக்கிங் 5.0 என்றால் 4.3, லாக்கிங் 3.5 என்றால் 2.8. மழுங்கிய பிட் எலும்பைக் குடையாது, சூடேற்றும். அழுத்த அழுத்த அந்தப் பக்கம் பாய்ந்து இறங்கும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியாத இடத்தில் டிரில் பிடிக்க வேண்டாம்.

ரத்த ஓட்டத்தை நிறுத்தக் காற்றடைக்கும் உறையான டூர்னிக்கேக்கு நேரம் சொல்லும் ஆள் ஒருவர் வேண்டும். கைக்குச் சிஸ்டாலிக் அழுத்தத்துக்கு மேல் 50, காலுக்கு 100. இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஸ்பிரிட் கலந்த மருந்து உறைக்குள் வழிந்தால் அங்கே தோல் வெந்துபோகும். மருந்து தடவும் முன் உறையின் ஓரத்தை ஒட்டி மூடுங்கள்.

கதிர்வீச்சு பற்றி ஆர்த்தோக்காரர்கள் காட்டும் அலட்சியம் புரியாத ஒன்று. ஏப்ரன் போடுவார்கள், கழுத்துக் கவசம் ஆணியில் தொங்கும். கதிரளவைப் பதியும் டி.எல்.டி. பேட்ஜ் ஹாஸ்டல் டிராயரில் கிடக்கும், அதன் அறிக்கையும் சுத்தமாக வரும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் எல்லை ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லி சீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30. பேட்ஜ் ஏப்ரனுக்குள் நெஞ்சில் இருக்க வேண்டும். எக்ஸ்ரே குழாய் நோயாளிக்குக் கீழே, படம் வாங்கும் பக்கம் மேலே. பக்கவாட்டுப் படத்தில் படம் வாங்கும் பக்கமாக நில்லுங்கள். ஒரு அடி பின்னால் நகர்வது இலவசம்: தூரம் இரட்டித்தால் அளவு கால் பங்காகும். முறிவை இழுத்துப் பிடித்திருக்கும் உங்கள் கை கதிருக்குள் இருக்கும்போது “ஷூட்” சொல்ல வேண்டாம்.

லாக் புக்

பல்கலைக்கழகம் தரும் லாக் புக் கையெழுத்துக்கானது. உங்களுக்கென்று ஒரு அட்டவணை வேண்டும், அன்றன்றே எழுத வேண்டும். தேதி, நோயாளியின் எண் (பெயர் வேண்டாம்), முறிவின் வகை, செய்தது என்ன. அடுத்தது உங்கள் பங்கு: பார்த்தது, இரண்டாம் உதவியாளர், முதல் உதவியாளர், சீனியர் ஸ்க்ரப் செய்து பக்கத்தில் நிற்கச் செய்தது, சீனியர் தியேட்டரில் இருக்கச் செய்தது, தனியாக. இந்த ஆறையும் ஒன்றாக்கி “செய்தேன்” என்று எழுதுவது உங்களையே ஏமாற்றுவது. பிரிட்டனில் ஆலோசகராகச் சான்று பெற ஆறு வருடப் பயிற்சியில் 1800 கேஸ் எதிர்பார்க்கிறார்கள். அங்கேயும் பங்கு வாரியாகத்தான் பார்க்கிறார்கள். கடைசி இரண்டு கட்டம்: என்ன தப்பு நடந்தது, மூன்று மாதத்தில் என்ன ஆனது. ஓ.பி.யில் உங்கள் கேஸ் திரும்பி வரும் நாளில் நீங்கள் தியேட்டரில் இருப்பீர்கள். அதனால் டிஸ்சார்ஜ் அன்றே ரிவியூ தேதியைக் குறித்து, அன்று காலை ஓ.பி.க்கு எட்டிப் போங்கள். தன் நெய்ல் கூடாமல் உடைந்ததைப் பார்க்காத பி.ஜி. அடுத்த நெய்லையும் அப்படியேதான் போடுவார்.

தீசிஸ்: இதன் கடிகாரம் வேறு

தீசிஸைப் பரீட்சைக்கு ஆறு மாதம் முன்பே ஒப்படைக்க வேண்டும், அதாவது 30ஆம் மாதம். தலைப்பு, எதிக்ஸ் கமிட்டி எல்லாம் முடிய 8ஆம் மாதம் ஆகும். எழுதவும் அச்சிடவும் இரண்டு மாதம் விடுங்கள். ஆறு மாத ஃபாலோ அப் வேண்டிய தலைப்பு என்றால் கடைசி நோயாளி 22ஆம் மாதத்துக்குள் சேர்ந்திருக்க வேண்டும். ஆக 14 மாதம். அதில் மாவட்டப் பணி 3 மாதம் விழுந்தால் 11. மாதம் மூன்று தகுதியான கேஸ் என்றால் 33. நாலில் ஒருவர் திரும்பி வரமாட்டார். மிஞ்சுவது 25. இந்தக் கணக்கைத் தலைப்பு சொல்லும் அன்றே வழிகாட்டும் பேராசிரியர் முன் போட்டுக் காட்டுங்கள். வருடத்துக்கு நாலு கேஸ் வரும் அபூர்வ முறிவு ஆசையெல்லாம் அங்கேயே அடங்கும்.

இரண்டு இம்பிளான்ட்டை ஒப்பிட்டு, பக்கத்துக்குப் பதினைந்து பேர் என்பது வழக்கமான தலைப்பு. வித்தியாசம் இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது. ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் என்று சுருக்குவது மேல். புள்ளியியல் நிபுணரைப் பார்க்க வேண்டியது தரவு சேர்க்கும் முன். சிகிச்சையை ஒப்பிடும் ஆய்வு என்றால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு வேண்டும், சேர்த்தபின் திரும்பிப் போய்ப் பதிய முடியாது. ஒப்புதல் படிவத்தை நோயாளி படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் எழுதுங்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்த படிவத்தை எழுதியவரே வாசிக்க முடியாது. செல் நம்பர் இரண்டு வாங்குங்கள், ஒன்று ஊரில் உள்ள உறவினருடையது. ஆபரேஷனுக்கு முந்திய அளவுகளை அன்றே தாளில் எடுங்கள். பின்னால் கேஸ் ஷீட்டிலிருந்து எடுக்கலாம் என்று நம்பியவர்கள் ரெக்கார்டு ரூமில் தூசி தட்டுகிறார்கள்.

இவற்றோடு ஆய்வு முறைகள் பற்றிய ஆன்லைன் பாடம் கட்டாயம். நடத்துவது சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம். முதல் வருடத்திலேயே முடித்துவிடுங்கள், தலைப்பு யோசிக்க உதவும். போஸ்டர், மேடை உரை, கட்டுரை மூன்றில் ஒன்றாவது இருந்தால்தான் பரீட்சை எழுத முடியும். மாநிலச் சங்க மாநாட்டுக்கு ஒரு போஸ்டர் போடுவது எளிய வழி. வருடத்துக்கு ஐந்து நாள் அகாடமிக் லீவு அதற்குத்தான். எலும்பு முறிவைப் பொருத்தக் கற்றுத்தரும் ஏ.ஓ. பேசிக் கோர்ஸுக்கு இரண்டாம் வருடத் தொடக்கம் சரியான நேரம். முதல் மாதங்களில் போனால் பிளாஸ்டிக் எலும்பில் திருகிவிட்டு வருவீர்கள், எதற்கு என்று தெரியாது.

மாவட்டப் பணியைத் தண்டனையாக நினைப்பவர்கள் அதிகம். அங்கே சி-ஆர்ம் இருக்காமல் போகலாம், ஆனால் ஓ.பி. முழுக்க உங்களுடையது. பாதம் உள்நோக்கித் திரும்பிய கிளப் ஃபுட் குழந்தை, முதுகுவலி, ஊனச் சான்று முகாம் எல்லாம் அங்கேதான் கைக்கு வரும். 40 சதவீதம் என்ற எல்லை ஒருவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை முகாமில் ஒரு காலை உட்கார்ந்தால் தெரிந்துகொள்வீர்கள்.

பரீட்சை

தியரியில் தோற்பவர் குறைவு, ஒரு நோயாளியை முழுதாகப் பரிசோதித்துச் சொல்லும் லாங் கேஸில் சறுக்குபவரே அதிகம். அதிலும் இடுப்பு. காரணம் அறிவுக்குறை அல்ல, வரிசைக்குறை. படுக்க வைத்தவுடன் டேப்பை எடுக்காதீர்கள். முதலில் இரு பக்க இடுப்பு முன்முனை எலும்பையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கெட்ட கால் அகட்டியோ ஒடுக்கியோ நிற்கும். நல்ல காலையும் அதே கோணத்தில் வையுங்கள். அதன்பின் முன்முனையிலிருந்து உட்கணுக்கால் வரை அளந்தால் உண்மையான குறைவு. இடுப்பை மட்டம் செய்யாமல், கால்களை இணையாக வைத்துத் தொப்புளிலிருந்து அளப்பது தோற்றக் குறைவு. இரண்டும் ஏன் வேறுபடுகிறது என்று சொல்லத் தெரிந்தால் கேஸ் கையில் வந்துவிட்டது. குறைவு ட்ரோகான்டருக்கு (தொடை எலும்பின் மேல்முனை வெளிமேட்டுக்கு) மேலா கீழா என்று பிரயன்ட் முக்கோணத்தில் காட்டுங்கள். இடுப்பு நிமிராத கோணத்தை அளக்கும் தாமஸ் டெஸ்டில் முதுகுக்கடியில் கையை விட்டு வளைவு மறைந்ததை உறுதி செய்யாமல் கோணம் சொல்பவரை எக்சாமினர் உடனே பிடிப்பார்.

நோயாளியின் கையைத் தொடும் முன் கையைக் கழுவுங்கள், வலிக்கும் இடத்தைக் கேட்டுவிட்டுக் கடைசியில் தொடுங்கள். எக்ஸ்ரே மேசையில் படம் கையில் வந்ததும் நோயைச் சொல்லாதீர்கள்: யாருடைய எந்தப் பகுதி, எந்தக் கோணம், எலும்பு, மூட்டு, மென்திசு, பிறகு முடிவு. செயற்கைக் கால், காலிப்பர் மேசைக்குப் புத்தகம் பத்தாது. சென்னைக்காரர்கள் கே.கே. நகர் அரசுப் புனர்வாழ்வு நிறுவனத்தில் ஒரு நாள் நின்று பார்த்தால் போதும். மற்றவர்கள் தங்கள் ஊர் லிம்ப் சென்டரில்.

பிறகு

எம்.எஸ். முடிந்ததும் உடனே சிறப்புப் பயிற்சிக்கு ஓடுவதா, ஒரு வருடம் சீனியர் ரெசிடென்ட்டாக இருப்பதா என்று கேட்பார்கள். கல்லூரி வேலை எண்ணமிருந்தால் சீனியர் ரெசிடென்சி பொதுவாக வேண்டும். பாண்டு காலத்தையும் வெறும் கடனாகக் கழிக்க வேண்டாம். சிறிய ஊரில் தனியாக முடிவெடுக்கும் அந்த வருடத்தில் எந்தக் கேஸை அனுப்பக் கூடாது, எதை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது தெளியும். முதுகெலும்பு, மூட்டு மாற்று, கை நுண்ணறுவை ஆகியவற்றில் தேசியத் தேர்வு வாரியத்தின் எஃப்.என்.பி. ஃபெல்லோஷிப் உண்டு, தனி நுழைவுத் தேர்வு. கை அறுவையில் எம்.சிஎச். உயர் சிறப்புப் பட்டம் படிக்க நினைப்பவர்களுக்குச் சென்னை ஸ்டான்லி பழைய வீடு, டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே 1971இல் தொடங்கிய பிரிவு அது.

ஃபெல்லோஷிப் நேர்காணலில் கேட்பவர்கள் மார்க் ஷீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். “நீங்கள் செய்த டிபியா நெய்லில் கூடாமல் போனது எத்தனை, ஏன்?” என்பார்கள். லாக் புக்கின் கடைசி இரண்டு கட்டத்தை நிரப்பியிருந்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம்.